சோதித்தறியும் உரிமை: நிக்டியின் வாடகை மண்டபங்களும் புனேயின் இறையியல் நூலகங்களும்

புனே நகருக்கு இறையியல் பஞ்சம் என்பது கிடையாது. 1893இல் கண்டியில் நிறுவப்பெற்ற பாப்பிறைக் குருமடம் 1955இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்தது. அதனோடு இணைந்த ஞான தீப வித்யாபீடம் இந்தியக் கத்தோலிக்க இறையியலின் முதன்மையான கல்விக்கூடங்களுள் ஒன்று. சீர்திருத்தச் சபையினரின் யூனியன் பிப்ளிக்கல் செமினரி யவத்மாலிலிருந்து 1983இல் பிப்வேவாடிக்கு வந்து சேர்ந்தது. எபிரேயமும் கிரேக்கமும் இங்கே முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. கள்ளத் தீர்க்கதரிசிகளைக் கண்டிக்கும் எரேமியாவின் 23ஆம் அதிகாரத்துக்கு விரிவுரைகள் எழுதப்படுகின்றன. தேர்வுகளில் வினாக்களும் கேட்கப்படுகின்றன. அந்த வகுப்பறைகளிலிருந்து பழைய மும்பை நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் நிக்டி வரும். எரேமியா கண்டித்த குரல் அங்கே ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி வழியாகவே கேட்கிறது. அதை நிறுத்துப் பார்க்கக் கற்றுத்தர அந்த வகுப்பறைகளிலிருந்து எவரும் புறப்பட்டு வருவதில்லை.

நிக்டியைப் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியின் வடமேற்கு வாயில் எனலாம். ஆகுர்டியின் பஜாஜ் ஆலை, பிம்ப்ரியின் டாடா மோட்டார்ஸ், போசரியின் சிறு பட்டறைகள், பின்னாளில் எழுந்த சாக்கண் வாகன ஆலைகள் என்று மூன்று தலைமுறைகளாகத் தென்னாட்டு உழைப்பாளரை ஈர்த்துக்கொண்ட நிலம் இது. வந்தவர்களுள் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கிறிஸ்தவர்களும் உண்டு. ஊரில் அவர்கள் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) உறுப்பினர்கள், தாத்தா காலத்திலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். மகாராஷ்டிரமோ 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையின் (சி.என்.ஐ.) எல்லை. இரு திருச்சபைகளும் ஒரே பந்தியில் பங்குபெறும் உறவுடையவை என்பது ஏட்டளவில் உண்மை. ஆனால் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் ஆராதனையில் பின்வரிசையில் அமர்ந்து எழுந்துவரும் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு எந்த ஆயர் எப்போது வருகிறார்? ஊர்ச் சபை அவரை அசன விழாவுக்கும் கட்டட நிதிக்கும் நினைவுகூர்கிறது. வந்த ஊரின் சபை அவர் பெயரையே அறியாது. இந்த இடைவெளியில்தான் வாடகை மண்டபச் சபை முளைக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வாடகை மண்டபம் ஒரு குற்றமன்று. முதல் நூற்றாண்டுத் திருச்சபைக்குச் சொந்தக் கட்டடம் இருந்ததில்லை. பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் நோயாளியின் வீட்டில் முழந்தாளிட்டு, மாதக் கடைசியில் மண்டப வாடகைக்குத் தம் சம்பளத்தையே எடுத்துக் கொடுக்கும் போதகர்கள் அந்தத் தொழிற்பகுதியில் இருக்கிறார்கள். தாய்மொழியில் ஒரு ஜெபத்தைக் கேட்டு அழுது தீர்க்க இடம் தந்தவர்கள் அவர்களே. வினா அவர்களைப் பற்றியதன்று. அவர்கள் கூட்டிச்சேர்த்த மந்தையைக் கைப்பேசித் திரை வழியாகவும் சிறப்புக் கூட்டங்கள் வழியாகவும் வந்து மேய்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியது.

அவர்களுடைய வேலைமுறை அறியாததன்று. முதலில் தனிமைக்கு ஆறுதல் வரும். அது மெய்யான ஆறுதலாகவே இருக்கும். அடுத்து ஒரு தீர்க்கதரிசன வாக்கு வரும்: பணி நிரந்தரமாகும், மகளுக்கு வரன் அமையும், வளைகுடா நாட்டுக்கு விசா கிடைக்கும் என்று. வாக்கு நிறைவேற விதை விதைக்க வேண்டும். விதை என்பது பணம். நிறைவேறாவிட்டால் விதைத்தது போதவில்லை, அல்லது விசுவாசம் போதவில்லை, அல்லது முன்னோர் சாபம் குறுக்கே நிற்கிறது. சாபத்தை முறிப்பதற்குத் தனிக் கூட்டமும் தனிக் காணிக்கையும் உண்டு. இந்தக் கணக்கில் தீர்க்கதரிசி எந்நிலையிலும் தோற்பதில்லை. வாக்குப் பலித்தால் புகழ் அவருக்கு. பலிக்காவிட்டால் பழி கேட்டவருக்கு. வட்டிக்கடைக்காரன்கூடக் கடனில் ஒரு பங்கு ஆபத்தைத் தான் ஏற்கிறான்.

விதை என்னும் இப்போதனை ஆண்டவருடைய உவமையிலிருந்து வந்ததாகப் பலர் நம்புகிறார்கள். இன்று வழங்கும் வடிவத்தில் அது ஓக்லஹோமாவிலிருந்து வந்தது. ஓரல் ராபர்ட்ஸ் 1950களில் நன்கொடையாளரோடு செய்துகொண்ட ஆசீர்வாத உடன்படிக்கையை விரித்து, 1970இல் விதை விசுவாசம் பற்றி ஒரு நூலாகவே வெளியிட்டார். வாயால் அறிக்கையிட்டதைக் கைவசமாக்கலாம் என்ற கென்னத் ஹேகினின் போதனையோ ஈ.டபிள்யூ. கென்யனுடைய எழுத்துகளிலிருந்து சொல் மாறாமல் எடுக்கப்பட்டது என்பதை டி.ஆர். மக்கானல் 1988இல் பத்தி பத்தியாக ஒப்பிட்டுக் காட்டினார். ஆய்வுலகில் இது பழைய செய்தி. நிக்டியில் இது இன்னமும் பரலோகத்திலிருந்து நேற்றிரவு இறங்கிய வெளிப்பாடு.

இந்தக் கட்டமைப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் தூண் ஒன்று உண்டு: அபிஷேகம் பெற்றவரைத் தொடலாகாது என்னும் எச்சரிக்கை. கணக்குக் கேட்டவருக்கும், வாக்கு ஏன் பலிக்கவில்லை என்று வினவியவருக்கும், மருந்தை நிறுத்தச் சொன்னது முறையா என்று முணுமுணுத்த தாதிக்கும் இதே விடை. மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்த கதை உடனே நினைவூட்டப்படும். ஆனால் அந்த எச்சரிக்கை நிற்கும் 105ஆம் சங்கீதத்தை முன்னும் பின்னும் வாசிக்கிறவர் திடுக்கிட்டுப்போவார். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் யார்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எப்படிப்பட்ட நிலையில்? எண்ணிக்கையில் சிலராய், சொந்த நிலமற்றவர்களாய், ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு அலைகிறவர்களாய். எச்சரிக்கப்படுகிறவர்கள் யார்? அரசர்கள். வலியவன் வந்தேறியின்மேல் கைவைக்கலாகாது என்பதே அதன் பொருள். நிக்டி மண்டபத்தில் அந்த வசனத்தின் பாதுகாப்புக்கு உரியவர் மேடைமேல் நிற்பவரல்லர். தரையில் அமர்ந்திருக்கும் வெளியூர்க் கூலித் தொழிலாளி. ஏழைக்கு அரணாக எழுதப்பட்ட வாக்கை எடுத்து ஏழைக்கெதிரான மதிலாகக் கட்டியிருக்கிறார்கள்.

தசமபாகத்தின் கதையும் இதுவே. மல்கியாவின் மூன்றாம் அதிகாரம் காணிக்கைப் பைக்கு முன்பாகத் தவறாமல் வாசிக்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகம் லேவியனோடு அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் தின்று திருப்தியடைவதற்கு என்று உபாகமம் 14ஆம், 26ஆம் அதிகாரங்களில் விதித்திருப்பது எந்தப் பைக்கு முன்பாகவும் வாசிக்கப்படுவதில்லை. அப்படி வாசித்தால் மண்டபத்தில் பாதிப்பேர் கொடுக்கும் வரிசையிலிருந்து பெறும் வரிசைக்கு மாற வேண்டியிருக்கும்.

வஞ்சகப் போதனை நேற்றுத் தோன்றியதன்று. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். குருவாகப் பட்டம் பெற்ற யுஸ்துஸ் யோசேப்பு என்னும் வித்வான் குட்டி, 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று 1875இல் அறிவித்தார். திருவிதாங்கூரில் திரளானோர் அவரைப் பின்பற்றினர். அந்த ஆண்டு வந்தது, போயிற்று. பிறகு விளக்கம் பிறந்தது; விளக்கத்திலிருந்து யுயோமயம் என்னும் தனிச் சமயமே பிறந்தது. அவர் இயற்றிய கீர்த்தனைகளை மலையாளத் திருச்சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. அவர் மோசடிக்காரர் என்று எவரும் சொல்வதற்கில்லை. தாம் சொன்னதைத் தாமே நம்பினார் என்றே தோன்றுகிறது. வஞ்சிக்கும் போதகர் முதலில் தாமே வஞ்சிக்கப்பட்டவராயிருப்பதுண்டு. ஆகவே அவருடைய நேர்மை ஒரு அளவுகோலாகாது. உபாகமம் 18ஆம் அதிகாரம் தீர்க்கதரிசியின் உள்ளத்தை ஆராயச் சொல்லவில்லை; சொன்னது நடந்ததா என்று மட்டும் பார்க்கச் சொல்லுகிறது, நடக்காவிட்டால் அவனுக்கு அஞ்சவேண்டாம் என்று விடுதலையும் தருகிறது.

அடுத்தது ஓடைமறிச்சான். அமெரிக்கரான வில்லியம் பிரன்ஹாம் 1954இல் பம்பாயில் கூட்டம் நடத்தியவர். 1977ஐ ஒட்டி இவ்வுலக முறைமைகள் முடிவுக்கு வரும் என்று எழுதிவைத்துவிட்டு, 1965இல் ஒரு கார் விபத்தால் மாண்டவர். அவருடைய போதனையைத் தமிழ்நாட்டில் ஏந்திய பால்சீர் லாறி 1960களில் நோய் நீக்கும் கூட்டங்களால் பெரும் புகழ் பெற்றார். முதலில் சுவிசேஷகர், அடுத்துக் கடைசிக்கால அப்போஸ்தலர், அதற்கும் அடுத்து மனுஷகுமாரன், இறுதியில் ஸ்ரீ லஹரி கிருஷ்ணா என்னும் பெயரில் கல்கி அவதாரம். திருநெல்வேலி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் அவர் அமைத்த மனுஜோதி ஆசிரமத்துக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கினர். 1989இல் அவர் மறைந்தார். அந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் கவனிக்க வேண்டும். முதற்படியில் நின்றபோது அவரைச் சோதித்தறியும் பொறுப்புடையவர்கள் கூட்டத்தின் அளவைப் பார்த்தார்கள். இரண்டாம் படியில் வியந்தார்கள். மூன்றாம் படியில் விலகிக்கொண்டார்கள். விலகுவதற்குள் எளிய விசுவாசிகள் மேலே ஏறிவிட்டிருந்தார்கள்.

இனி ஆய்வுலகத்தைப் பற்றி. பால்சீர் லாறியையும் அவரைப் போன்ற பிறரையும் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவருள் ஜெர்மானியரான வெர்னர் ஹோர்ஷல்மன் ஒருவர். அவருடைய நூல் 1977இல் வெளிவந்தது. அவர்களைக் கிறிஸ்தவ குருக்கள் என்று அவர் அழைத்தார். பின்னர் மிகயேல் பெர்குண்டர் 20ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியப் பெந்தேகோஸ்தே இயக்கத்தின் வரலாற்றை எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 2008இல் வெளிவந்தது. இவை கடுமையான உழைப்பின் விளைவுகள். விவரிப்பது அவர்கள் மேற்கொண்ட பணி, விவரித்தார்கள். குறை அவர்களுக்குப் பின்வந்த பழக்கத்தில் இருக்கிறது. மண்வாசனைக் கிறிஸ்தவம், அடித்தள மக்களின் ஆன்மிகம், சூழமைவு இறையியல் ஆகிய சொற்கள் ஒருகாலத்தில் மேற்கத்திய மிஷனரியின் செருக்குக்கு எதிரான கூர்மையான கருவிகள். இன்று அவையே போர்வைகளாகிவிட்டன. கூலியாளின் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்றையும் அவன் பிள்ளையின் மருந்தையும் பறித்துக்கொள்ளும் ஒருவரைக் கருத்தரங்கில் உள்ளூர்ச் சமய முனைவு என்று பெயரிட்டு அழைக்கும்போது ஆய்வாளருக்கு ஒரு கட்டுரை கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஆப்பிரிக்க இறையியலார் இந்தக் கூச்சத்தை விட்டொழித்தனர். லொசான் இயக்கத்தின் இறையியற் செயற்குழு 2008இலும் 2009இலும் கானா நாட்டின் அக்ரோபாங்கில் கூடியது. செழிப்புப் போதனை மிகுதியாக விளைந்த மண்ணிலேயே நின்று, அது சுவிசேஷத்தைத் திரிக்கிறது என்று அறிக்கையிட்டது. வறுமையைப் புரிந்துகொள்ளாத வெள்ளையரின் தீர்ப்பு என்று அதை எவரும் தள்ள முடியவில்லை. தமிழில் ஆயிரக்கணக்கான விசுவாசிகள் வாசிக்கக்கூடிய எளிய நடையில் அத்தகைய அறிக்கையை ஏன் ஒரு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் குழு கூடி எழுதலாகாது? ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன, மதிப்பெண் பெறுகின்றன, அலமாரி ஏறுகின்றன. வஞ்சகப் போதனை மட்டும் நல்ல தமிழில், பிழையில்லாத ஒலிப்பதிவில் வீடு தேடி வருகிறது.

படித்தவர்களின் அவையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு மெல்லிய புன்னகையும் எழும்: இதெல்லாம் படிக்காதவர்களின் சிக்கல் என்று. அந்தப் புன்னகைக்கு மறுமொழி ரவி சகரியாஸ். 1946இல் சென்னையில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, கனடாவுக்குக் குடிபெயர்ந்து, பல்கலைக்கழக மேடைகளில் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக வாதிடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர். விசுவாசத்தைக் காப்பதற்கென்றே அமைந்த ஊழியம் அது. 2020 மே மாதம் அவர் இறந்தபோது உலகத் தலைவர்கள் புகழஞ்சலி செலுத்தினர். 2021 பிப்ரவரியில் அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை வெளிவந்தது: உடற்பிடிப்புச் சிகிச்சை அளித்த பெண்கள் பலரிடம் அவர் ஆண்டுக்கணக்காகப் பாலியல் அத்துமீறல் செய்திருந்தார். வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இழந்துபோவதற்கு நீயே பொறுப்பாவாய் என்று ஒரு பெண்ணை அவர் எச்சரித்திருந்ததும் அதில் பதிவாயிற்று. அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்பதன் ஆக்ஸ்போர்டு உச்சரிப்பு அது. 2017இலேயே குற்றச்சாட்டு எழுந்திருந்தது. நிர்வாகக் குழு அவருடைய சொல்லை நம்பியது. அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதே பொதுமக்களுக்கு அறிவிக்கப்படாதிருந்தது.

ஆக, எண்ணெய்ப் புட்டி விற்கும் மேடையும் தத்துவம் பேசும் மேடையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. போதகர் தம்மை எவரும் ஆராய முடியாத உயரத்தில் நிறுத்திக்கொள்கிறார். பஞ்சாபில் இயேசுவின் பெயரால் பெருங்கூட்டங்களைத் திரட்டிய பஜிந்தர் சிங்குக்கு 2018ஆம் ஆண்டின் பாலியல் வன்கொடுமை வழக்கில் மொகாலி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஆயுள் தண்டனை விதித்தது. அவருடைய மேடையிலும் நோய்கள் நீங்கியதாகச் சாட்சிகள் சொல்லப்பட்டன. கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023இல் தோண்டியெடுக்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட உடல்கள், பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற ஒரு போதகரின் சொல்லை நம்பியவர்களுடையவை. அற்புதம் நிகழ்ந்ததா இல்லையா என்ற வினா இவர்களை அடையாளம் காட்டாது. பார்வோனின் மந்திரவாதிகளும் கோலைப் பாம்பாக்கினார்கள்.

நியாயந்தீர்க்காதிருங்கள் என்ற கட்டளை உடனே நினைவுக்கு வரும். அது மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் தொடக்கம். அதே அதிகாரத்தின் பதினைந்தாம் வசனத்தில் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்களைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. ஒரே மலைப்பிரசங்கம், ஒரே வாய், ஒரே நாள். கனியைப் பார்த்து மரத்தை அறியச் சொன்னவர் பார்க்காதே என்று சொல்லியிருக்க முடியாது.

இரண்டாவது தடை மெய்யாகவே கனமானது. கிறிஸ்தவர்களுக்கெதிரான பகை நாட்டில் வளர்ந்துவரும் காலத்தில், ஜெபக் கூட்டங்கள் தாக்கப்படும் காலத்தில், வீட்டுச் சண்டையைத் தெருவில் பேசலாமா? பேசாதிருப்பதால் விளைந்தது என்ன என்பதையே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மதமாற்றத் தடைச் சட்டங்களில் மோசடி என்னும் சொல் விடாமல் இடம்பெறுகிறது. அச்சட்டங்களின் கவலையெல்லாம் வெளியே இருப்பவர் மோசடியால் உள்ளே வந்துவிடக்கூடாதென்பது. உள்ளே இருப்பவரை உள்ளிருப்பவரே ஏய்ப்பதில் அவற்றுக்கு அக்கறை கிடையாது. விசா வாக்குக்காக நகையை அடகுவைத்த பெண் எந்த மதமும் மாறவில்லை. ஆகவே அவர் அச்சட்டத்தின் கண்ணில் இல்லை. அவரைக் காக்கும் கடமை முழுவதும் திருச்சபையின் தலையில்தான் விழுகிறது. திருச்சபை அதைச் செய்யாதபோது, பகைவர் அந்தப் பெண்ணின் கண்ணீரைத் தம் மேடைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

புனேவாசிகளுக்கு வேறொரு சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று இந்நகரின் ஓங்காரேஷ்வர் பாலத்தருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் ஆண்டுக்கணக்காக வற்புறுத்திவந்த சட்டம் சில நாட்களில் அவசரச் சட்டமாகவும், அவ்வாண்டு டிசம்பரில் முழுச் சட்டமாகவும் மகாராஷ்டிரத்தில் நிறைவேறியது. அற்புதம் காட்டுவதாகச் சொல்லி ஏமாற்றிப் பணம் பறிப்பது அதன்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டுவரை சிறை. ஜெபத்தையும் வழிபாட்டையும் அச்சட்டம் தொடவில்லை. தாபோல்கர் கடவுள் நம்பிக்கையற்றவர். ஆகவே அவருடைய பணி திருச்சபைக்கு அந்நியம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாத்திகர் ஒருவர் உயிரைக் கொடுத்து ஏழையின் பணத்துக்குக் காவல் நின்றபோது, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் கண்டித்த ஆண்டவரின் அடியார்கள் நின்ற இடம் எது என்பது சங்கடமான வினா.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் வலியது: இது மேட்டுக்குடியினரின் அருவருப்பு. பெந்தேகோஸ்தேச் சபைகள் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒலிவாங்கியைக் கொடுத்தன. பழம்பெரும் திருச்சபைகள் அவர்களுக்குப் பின்வரிசையைக் கொடுத்தன. இது மறுக்கவியலாத உண்மை. பழம்பெரும் திருச்சபைகளின் தேர்தல்களும் சொத்துகளும் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படிகளில் கிடப்பதும் உண்மை. அங்கியும் மோதிரமும் அணிந்தவர் கணக்குக் காட்டாதபோது மண்டபத்துப் போதகரை மட்டும் கூண்டில் நிறுத்துவது அநீதி. அதனால்தான் அளவுகோல் ஆராதனையின் நடையிலோ கைத்தட்டலிலோ அந்நிய பாஷையிலோ இருக்கக்கூடாது. எல்லாப் பீடங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இன்னும் ஒன்று: ஏழைக்கு ஒலிவாங்கி கொடுத்த சபையில் அந்த ஏழை கணக்குக் கேட்க அதே ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா? முடியும் என்றால் அது விடுதலை. முடியாதென்றால் அவருக்குக் கிடைத்தது சாட்சி சொல்வதற்கு மட்டுமான அனுமதி.

அளவுகோலைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். லூக்கா அதற்காக அவர்களை மெச்சுகிறார். கொரிந்துவில் தீர்க்கதரிசி பேசும்போது மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுல் விதிக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தை அவர் தனியே சுமந்து செல்லவில்லை; சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரை உடன் அழைத்துச் சென்றார், யாரும் குறைசொல்லாதபடிக்கு. அப்போஸ்தலருக்குத் தேவைப்பட்ட தணிக்கை இன்றைய அப்போஸ்தலர்களுக்குத் தேவைப்படாததெப்படி? பன்னிரு அப்போஸ்தலரின் போதனை எனப்படும் டிடாக்கே, இரண்டு நாளுக்குமேல் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று முடிக்கிறது. ஆவியில் பேசுகிறவரை அப்போதே சோதிக்கலாகாது என்றும் அதே நூல் சொல்லுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த வரியைத் தொடர்ந்தே, ஆவியில் பேசுகிறவரெல்லாம் தீர்க்கதரிசியல்லர், நடத்தையால் அறிந்துகொள்ளுங்கள் என்கிறது. பேச்சுக்கு மரியாதை, வாழ்வுக்கு ஆய்வு.

டிடாக்கே 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சேறியது. அதே 1883 செப்டம்பரில், இங்கிலாந்தின் வாண்டேஜில், பண்டித ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். புனேயில் நின்று இப்பொருளைப் பேசுகிறவர் அவரைக் கடந்து போக இயலாது. ஞானஸ்நானம் பெற்ற சில மாதங்களிலேயே, தம்மைச் சபைக்குள் கொண்டுவந்த சகோதரி ஜெரால்டினோடு அவர் வாதிடத் தொடங்கினார். திரித்துவம் குறித்துக் கேட்டார்; அத்தனாசியு விசுவாசப் பிரமாணத்தின் சாபச் சொற்கள் குறித்துக் கேட்டார். கேள்வி பெருமையின் அடையாளம், கீழ்ப்படி என்று மறுமொழி வந்தது. பெரும்பாடுபட்டுப் பிராமணப் புரோகிதரின் நுகத்திலிருந்து விடுபட்டு வந்தவள் மற்றொரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தை ஏற்பதற்கில்லை என்னும் கருத்துப்பட 1885இல் அவர் எழுதினார். அந்தக் கடிதங்களை ஏ.பி. ஷா பதிப்பிக்க, 1977இல் மகாராஷ்டிர அரசின் இலக்கியப் பண்பாட்டு வாரியம் வெளியிட்டது. இறையியல் மாணவர்கள் அதனைப் பெண்ணியத்துக்காகவும் காலனிய எதிர்ப்புக்காகவும் வாசிக்கிறார்கள், நல்லது. விசுவாசி ஒருவர் போதகரைச் சோதிப்பதற்குரிய இலக்கணமாகவும் அதை வாசிக்கலாம். கேட்டவர் விசுவாசத்தை இழக்கவில்லை, ஆழப்பட்டார்.

பின்னாளில் அவரே தலைவியானபோது அந்த அளவுகோலைத் தமக்கும் வைத்துக்கொண்டார். அவருடைய சாரதா சதனுக்குப் பொருளுதவி செய்த பாஸ்டன் சங்கம் ஆண்டறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டது. 1905இல், புனே மாவட்டத்தின் கேட்காவில் உள்ள முக்தி ஆசிரமத்தில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று; பெண்கள் அழுதார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷைகளில் பேசினார்கள். உலகின் பெந்தேகோஸ்தே வரலாறுகள் அதைக் குறிப்பிடாமல் எழுதப்படுவதில்லை. இத்தனை பெரிய நெருப்பு கையில் கிடைத்த ஒருவர் தம்மைத் தீர்க்கதரிசினி என்று அறிவித்திருக்கலாம். ஓடைமறிச்சானின் ஏணி அங்கேயும் சாத்தப்பட்டிருந்தது. அவர் ஏறவில்லை. அந்நிய பாஷையை ஆவியின் வரமாக ஏற்றார். அதுவே ஆவியைப் பெற்றதற்கு ஒரே அடையாளம் என்பதை ஏற்க மறுத்தார். அன்பே முதன்மையான அடையாளம் என்றார்.

எழுப்புதல் தணிந்த ஆண்டுகளில் அவர் செய்துகொண்டிருந்த வேலை வேறு. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அப்போது புழக்கத்திலிருந்த மராத்தி வேதாகமத்தின் நடை பண்டிதருக்கு உரியது. கிராமத்துப் பெண்ணுக்கு எட்டாதது. பண்டிதை என்னும் பட்டத்தைக் கல்கத்தாவில் பெற்றவரே பண்டித நடையைக் களைந்து எளிய சொற்களைத் தேடினார். 1922 ஏப்ரலில் அவர் இறந்தார். வேதாகமம் முழுமையாக 1924இல் கேட்காவ் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அங்கே எழுத்துக் கோத்தவர்களும் தாள் மடித்தவர்களும் பஞ்சத்திலிருந்தும் கைம்மையிலிருந்தும் மீட்கப்பட்ட பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றதே அந்த ஆசிரமத்தில்தான்.